கைப்பிடியைச் சுத்திப் பார்க்காம காசு குடுக்காதே

அடி கண்ணு,

ஓசூர்ல குளிர் இன்னும் விடலை, துணி காய ரெண்டு நாள் ஆகுது. அதை விடு, என் புதுப் பைத்தியத்தைக் கேளு. அடுப்படியை ஒழிச்சுட்டு உட்கார்ந்தா, போன்ல பழைய கால்குலேட்டர் ஏலத்தைத்தான் மேய்ஞ்சுட்டிருக்கேன். பகலெல்லாம் சிப்காட்ல கணக்கெழுதறவளுக்கு ராத்திரியும் கணக்கு மெஷினான்னு இவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

போட்டிருக்கிற விலை விலையே இல்லடி. கிருஷ்ணகிரியில பெங்களூரா மாங்காய்க்குத் தோட்டக்காரர் சொல்ற விலையும், கூழ் ஃபேக்டரியில எடுக்கிற விலையும் ஒண்ணாவா இருக்கு? அதனால வித்து முடிஞ்சதை மட்டும் பிரிச்சுப் பார்ப்பேன். எச்பி 12சி-ன்னு ஒண்ணு, 1981-ல வந்தது, ‘அபூர்வம்’னு போட்டு வாய்கூசாம விலை சொல்றாங்க. அதுதான் இன்னும் புதுசாவே விக்குதே! எச்பி 35 வேற சாதி. 1972-ல 395 டாலருக்கு வந்த, சட்டைப்பையில அடங்கற முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டர். ஆனா அந்தக் காலத்துப் பேட்டரி கசிஞ்சு உள்ளே பச்சை பூத்திருக்கும், பின்மூடியைக் கழட்டிப் படம் போடாதவங்களுக்கு நான் பாதி விலைக்கு மேல ஏறமாட்டேன்.

என் மனசு என்னவோ கைப்பிடி சுத்தற ஃபேசிட் கணக்கு மெஷின் மேலதான். ஸ்வீடன் கம்பெனி, ஆனா நம்ம மெட்ராஸ்லயே ஃபேசிட் ஏஷியான்னு ஃபேக்டரி இருந்துதே, அதனால நம்ம பக்கத்து ஆபீஸ் பரண்கள்ல இது கிடைக்காத சாமான் இல்லை. பெங்களூர்ல ஒருத்தர் வெச்சிருக்கார்னு போன வாரம் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளி நெரிசலைச் சொல்லி மாளாது, இடுப்பு கழண்டுபோச்சு. ஆனா இரும்புக்கனம் கனக்கற சாமான் கூரியர்ல வந்தா கூலியே விலையைத் தின்னுடும், கைப்பிடியும் வளைஞ்சு வரும். அங்கே போய் மெஷின்ல எல்லாத்தையும் பூஜ்ஜியமாக்கி, ஒண்ணைக் கழிக்க எதிர்ப்பக்கம் ஒரு சுத்து சுத்தினேன். 9, 9, 9-ன்னு வரிசையா விழுந்துட்டே வந்து, நடுவுல ஒரு கட்டத்துல நின்னுபோச்சு. எண்ணெய் விட்டாச் சரியாகும்ங்கறார் அவர். அந்த எண்ணெயை விட்டுட்டே கூப்பிடுங்கன்னு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற சொசைட்டியில பழைய சாமானை ஏலம் விடுவாங்களே, அதுல ஃபேசிட் இருக்கான்னு விசாரி. இருந்தா கைப்பிடி ஆடுதான்னு மட்டும் எழுது. நான் கேட்டேன்னு மூச்சு விடாதே, விலை ஏத்திடுவாங்க.

உன்
ஓசூர்க்காரி