நிழல்கள் தந்த உருவம்

திருச்சி மாநகரில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குவோரின் கண்களை முதலில் ஈர்ப்பது லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரமே. அதன் அருகில் தூய வளனார் கல்லூரி. சில மாதங்களுக்கு முன் எம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவருடன் அங்கு வந்து இறங்கினேன். சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டுவது அவர் தொழில். அவரது நெஞ்சில் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற மருத்துவர், சி.டி. ஸ்கேன் எடுத்து வருமாறு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் முறை வர மாலையாகும் என்றார்கள்.

பெரியவரோ, "வேண்டாம் சாமி, ஊருக்கே திரும்பிவிடுவோம். அந்த இயந்திரம் மனிதனைத் துண்டு துண்டாக அறுத்துக் காட்டுமாமே!" என்றார். அறியாமையென நகைக்க மனம் வரவில்லை. அச்சத்தில் இருப்பவரிடம் வாதம் செய்து பயன் என்ன? பொழுது போக்குவோம் என்று ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்தில் அவரை ஏற்றினேன்.

காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவானைக்கோவில் வழியாக ஸ்ரீரங்கம் சேர்ந்தோம். சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் கண்டு வியவாதவர் யார்? பெரியவர் அச்சத்தை மறந்தார். ஒரு தூணை முன்னும் பின்னும், வலமும் இடமும் நின்று நோக்கினார். பிறகு, "ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் இது வெறும் நிழல்தான் சாமி. சுற்றிச் சுற்றிப் பார்த்தால்தான் உருவம் பிடிபடும்" என்றார்.

"ஐயா, அந்த இயந்திரம் செய்வதும் இதைத்தானே!" என்றேன்.

1895-இல் ரோண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர், உடலின் நிழலைப் படமாக்குகிறது. ஆனால் அப்படத்தில் எலும்பும் இதயமும் நுரையீரலும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து நிற்கும். சி.டி. கருவியோ உடலைச் சுற்றிவந்து பல கோணங்களில் நிழல்களை அளக்கிறது. கணிப்பொறி அவற்றை ஒன்றுசேர்த்து, உடலின் குறுக்குவெட்டைத் திரையில் வரைகிறது. வெட்டுவது படத்தில் மட்டுமே; உடலைக் கத்தி தீண்டுவதில்லை.

நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்த்தாலோ, ஈர வர்ணத்தைத் துணியால் இழுத்ததுபோல் உருவம் மங்கிவிடும். விளிம்புகளைத் தெளிவாக்க ஒரு கணக்கு வேண்டும். 1971-இல் அத்தகைய எளிய கணக்குமுறை ஒன்றை வெளியிட்டவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் ஆவர். இருவர் பெயராலும் அது 'ராம்-லாக் வடிகட்டி' என இன்றும் வழங்குகிறது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி இலண்டனில் முதல் நோயாளியைப் படம்பிடித்தது.

இராமச்சந்திரன் இளமையில் பயின்றது எங்கே தெரியுமா? நாங்கள் காலையில் கண்ட அதே தூய வளனார் கல்லூரியில்! பின்னர் பெங்களூரில் அவருக்கு ஆசானாக வாய்த்த சர் சி. வி. இராமன் 1888-இல் பிறந்ததோ, நாங்கள் கடந்துவந்த திருவானைக்கோவிலில். இதைக் கேட்டதும், "அப்படியானால் நம் ஊர்க் கணக்கும் அதற்குள் இருக்கிறது" என்று பெரியவர் முதன்முறையாகப் புன்னகைத்தார்.

மாலையில் அவர் தயங்காமல் உள்ளே சென்றார். மருத்துவர் திரையில் படத்தை விளக்கியபோது நானும் உடனிருந்தேன். காற்றுக்குக் கருமை, எலும்புக்கு வெண்மை, இடைப்பட்டவைக்குச் சாம்பல் நிறச் சாயல்கள். கருவி தருவன எண்களே; எதை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்று தெரிந்தெடுப்பவர் மனிதர். நுரையீரலைக் காண ஒரு சாயலும், எலும்பைக் காண வேறொரு சாயலும் வைப்பார்கள். "நாங்கள் வர்ணம் கலப்பது போலத்தான்" என்று பெரியவர் முணுமுணுத்தார்.

கட்டி இருந்தது உண்மை. ஆயினும் அது சிறிது; இன்று அவர் சிகிச்சை பெற்று வருகிறார். அன்று ஊருக்குத் திரும்பியிருந்தால்?

அன்பர்களே, படம் நோயைத் தீர்ப்பதில்லை. ஆனால் மறைந்திருப்பதை உரிய காலத்தில் காட்டுகிறது. உங்கள் இல்லத்தில் எவரேனும் அந்தப் பெரிய உறையைக் கையிலேந்தி நடுங்கினால், அவரைத் தனியே அனுப்பாதீர்கள். அருகில் ஒருவர் இருந்தால், நிழலை நேருக்கு நேர் காணும் துணிவு தானே வரும்.