காளங்கிக் கரைத் திருநாள்கள்

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில் கும்மிடிப்பூண்டி, ஏளாவூர், ஆரம்பாக்கம் கடந்து தடாவில் நுழையும்போது ஆந்திரா தொடங்கிவிடும். அடுத்து அக்கம்பேட்டை, அதற்கடுத்தது எங்கள் சூளூர்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு அது ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வழிவிடும் ஊர். ராக்கெட் புறப்படும் நாளில் மட்டும் செய்தியில் வரும். எங்களுக்கோ அது காளங்கி ஆறும், செங்காளம்மன் கோயிலும், பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் உப்புக் காற்றும். வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, மீன் சந்தையில் இரண்டும் கலந்த ஒரு பேச்சு. இப்படித்தான் வளர்ந்தோம்.

செங்காளம்மன் கோயிலில் இரவிலும் நடை சாத்துவதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் தாயைப் பார்க்கலாம். இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட் ஏவுவதற்கு முன்னால் அங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போவதை இன்று நாடே அறியும். என் சிறுவயதில் அந்தக் கோயில் முதலில் எங்கள் திருநாளுக்குத்தான் சொந்தம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய ஜாத்திரையில், உயர்ந்த கம்பத்தில் ஆட்டைக் கட்டிச் சுழற்றும் சுள்ளு உற்சவத்தைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரளும். மாட்டு வண்டிகள் ஆற்றுமணலில் வரிசையாக நிற்கும். பொங்கல் பானைகளின் புகை, பம்பை ஓசை, வளையல் கடை, சர்க்கரை மிட்டாய், சொந்தபந்தங்களின் இரைச்சல். அந்தக் கூட்டத்தில் கள்ளும் சாராயமும் இருந்தன. கிராம தேவதையின் திருநாளில் அவை இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அவற்றை யார் ஊற்றினார்கள், எங்கே வைத்து ஊற்றினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பது என் கண் முன்னாலேயே பலமுறை மாறியது. அந்த மாற்றங்களோடு எங்கள் திருநாளின் முகமும் மாறியது.

முதல் நினைவு கள்ளைப் பற்றியது. ஏரிக்கரையை ஒட்டிய மணல்மேடுகளில் பனைகள் அடர்ந்திருக்கும். மாசி, பங்குனியில் பாளை சீவி முட்டி கட்டுவார்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் பதநீர், தடவாததில் கள். காலையில் இறக்கியது இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும். எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடை என்பது ஒரு கீற்றுக் கொட்டகை, நாலு பானைகள், பனையோலையில் மடித்த பட்டைகள், அவ்வளவுதான். அங்கே ஊற்றிய பெரியவரை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். குடிக்க வருபவன் யார் மகன், வீட்டில் எத்தனை பிள்ளைகள், இன்று கூலி கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அளவு மீறினால் பட்டையைப் பிடுங்கிவிட்டு, “சாலு நாயனா, இண்டிகி போ” (போதும் அப்பா, வீட்டுக்குப் போ) என்பார். திருநாளன்று பொங்கல் வைத்து முடியும்வரை கொட்டகையைத் திறக்கமாட்டார். இதற்கு எந்த அரசாணையும் கிடையாது. மீறினால் அடுத்த நாள் என் அம்மாயி போன்ற கிழவிகள் அவர் வாசலுக்கே போய்க் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கள் குடித்தவர் வீட்டிலும் அடி விழுந்தது, அழுகை கேட்டது. ஆனாலும் ஊற்றிய கையை ஊர் அறிந்திருந்தது. அதைத் தட்டிக் கேட்க ஊருக்கு வழி இருந்தது.

பெரியவர்கள் அதற்கும் முந்திய கதைகளைச் சொல்வார்கள். எங்கள் ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, மறு ஆண்டு பக்கத்துச் சித்தூர் ஜில்லாவுக்கு வந்தது. 1948-க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலமானபோது அந்தச் சட்டமும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டே, மதுவிலக்குப் பிரச்சினையில் எழுந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் முதலமைச்சர் பிரகாசம் பந்துலுவின் அரசு கவிழ்ந்தது. அந்த மாநிலத்தின் முதல் அரசே குடியை முன்னிட்டு விழுந்ததென்றால், இது எவ்வளவு பெரிய விவகாரம் என்று பாருங்கள். மதுவிலக்கு இருந்த அந்த ஆண்டுகளிலும் பனை பாளை விட்டது, திருநாள் நடந்தது, முட்டி இருட்டில் இறங்கியது என்று என் தாத்தா சொல்வார். 1960-களின் இறுதியில் சட்டம் தளர்ந்தது.

பிறகு வந்தது பாக்கெட். சாராயக் கடைகளை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரர்கள் ஒரு பக்கம், அரசே சாராயம் வழங்கிய ‘வாருணி வாகினி’ திட்டம் மறுபக்கம். 1980-களில் சின்னச் சின்ன பாலித்தீன் உறைகளில் சாராயம் ஊருக்குள் வந்தது. பானையைத் தேடி மனிதன் போன காலம் முடிந்து, மனிதனைத் தேடிப் பாக்கெட் வரத் தொடங்கியது. வயல் வரப்புக்கும், செங்கல் சூளைக்கும், ஏரிக்கரையில் யானாதிப் பழங்குடி மக்களின் குடிசைகளுக்கும் மூட்டையாகக் கொண்டுபோய்க் கடனுக்குக் கொடுத்தார்கள். கூலியிலிருந்து கடனைப் பிடித்துக்கொண்டார்கள். 1970-71-இல் 39 கோடி ரூபாயாக இருந்த ஆந்திர அரசின் கலால் வருவாய் 1991-92-இல் 812 கோடியைத் தொட்டது. அந்தக் கோடிகள் எந்த வீட்டு அடுப்பிலிருந்து வந்தன என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஆண்டுகளின் ஜாத்திரையை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் காலடியில் காலி உறைகள். ஊற்றுபவனுக்கு யாரையும் தெரியாது. விற்றுத் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். போதும் என்று சொல்ல ஆளில்லை. பொங்கல் பொங்குவதற்கு முன்பே ஆற்றுமணலில் ஆண்கள் விழுந்து கிடந்தார்கள். பெண்கள் ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பானையுமாக, இருட்டுவதற்குள் வண்டி கட்டச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். இரவு முழுவதும் விழித்திருந்து தெருக்கூத்தும் ஹரிகதையும் பார்த்த எங்கள் அம்மா தலைமுறை, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டது. நடை சாத்தாத தாயின் ஊரில் இது நடந்தது.

இதை மாற்றியவர்கள் எங்கள் ஜில்லாப் பெண்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும். 1991-இல் நெல்லூரில் அறிவொளிப் பாடம் தொடங்கியது. இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், வயலில் உழைத்துவிட்டு வந்த பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் இருந்த ‘சீதம்மா கதை’, குடியால் சிதைந்த வீட்டில் தொடங்கி, பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூடவைப்பதில் முடியும். கலிகிரிப் பக்கம் தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் அந்தப் பாடத்தைப் பாடமாக மட்டும் விட்டுவிடவில்லை. கடையை மூடச் செய்தார்கள், வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான வர்த்தினேனி ரோசம்மாவை அதன் பிறகு மாநிலமே தூபகுண்டா ரோசம்மா என்று அழைத்தது. செய்தி ஊர் ஊராகப் பரவியது. 1992-இல் நெல்லூரில் சாராய ஏலம் விட முயன்றபோதெல்லாம் பெண்கள் திரண்டு மறித்தார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது.

அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தால் எங்கள் தெரு வேறு தெருவாக இருக்கும். கணவன் பெயரைக்கூட உரக்கச் சொல்லாத எதிர்வீட்டுப் பெத்தம்மா, விளக்குமாறும் மிளகாய்ப்பொடியுமாக ஊர் எல்லையில் காவல் நின்றார். “இவ்வளவு நாளா எங்க போயிருந்த தைரியம் பெத்தம்மா?” என்று கேட்டேன். “தைரியம் எப்பவும் இருந்துச்சுடா நாயனா, கூட நிக்க ஆளுதான் இல்ல” என்றார். 1993 ஏப்ரலில் நெல்லூர் ஜில்லாவில் சாராயம் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் விஜயபாஸ்கர ரெட்டி அரசு மாநிலம் முழுவதும் சாராயத்தைத் தடைசெய்தது.

அடுத்து முழு மதுவிலக்கு. 1994 டிசம்பரில் பதவியேற்ற மேடையிலேயே என்.டி. ராமராவ் அதற்குக் கையெழுத்திட்டார். 1995 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்க மாதங்களில் ஊர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் அனுபவித்திருக்கிறேன், குறைசொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர் எல்லையோரத்து ஊர். தடாவைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே கடை திறந்திருந்தது. சாயங்கால ரயிலில் ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டுக் கடைசி ரயிலில் திரும்பும் ஒரு கூட்டம் உருவானது. ஓடைக்கரைப் புதர்களில் வெல்ல ஊறல் போட்டு நாட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். காவல் நின்ற பெண்களை யாரும் அழைத்து, இனி என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. 1997-இல் சந்திரபாபு நாயுடு அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோதும் கேட்கவில்லை. சாராயத் தடை மட்டும் நீடித்தது, சீமைச் சரக்கும் பீரும் கடையேறின.

அதன் பிறகு மாறியதெல்லாம் கடைக்காரர்தான். உரிமம் பெற்ற தனியார் கடை, அதையொட்டி உட்கார்ந்து குடிக்கப் பர்மிட் ரூம், அவர்களிடம் வாங்கி ஊருக்குள் மளிகைக் கடைகளில் மறைத்து விற்கும் பெல்ட் ஷாப். 2019 அக்டோபர் 1 முதல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு கடைகளைத் தானே எடுத்துக்கொண்டது. 4,380 கடைகள் 3,500 ஆயின, பர்மிட் ரூம்கள் மூடப்பட்டன, விற்பனை இரவு 8 மணியோடு நின்றது. விலை ஏறியது, பழகிய பெயர்கள் அலமாரியிலிருந்து மறைந்தன. 2024 அக்டோபர் 16 முதல் மறுபடியும் தனியார். 3,396 கடைகளுக்கு 89,882 விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கிடைக்காத கட்டணம் 2 லட்சம் ரூபாய். குலுக்கலில் கடைகள் பிரிந்தன. 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் வந்தது. இதற்கிடையே 2022-இல் நாங்கள் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டோம்.

இன்று ஊரில் இரண்டு திருநாள். ஒன்று தாயின் ஜாத்திரை. இன்னொன்று, பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வரும் குளிர்காலத்தில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் பழவேற்காட்டு ஏரியையும் ஒட்டி அரசு நடத்தும் பறவைத் திருவிழா. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த அது 2025 ஜனவரியில் மறுபடி நடந்தது. பிள்ளைகள் தொலைநோக்கியில் கண்வைத்துக் கூவுவதைப் பார்க்க மனம் நிறையும். அதே ஏரிக்கரையில் உடைந்த பாட்டில்களையும் பார்க்கிறேன். பறவை நடக்கும் சேறு அது, வலை இழுக்கும் யானாதிப் பெண்ணின் வெறுங்கால் பதியும் சேறும் அதுதான்.

குடியே இல்லாத ஊர் வேண்டும் என்று ஒரு காலத்தில் நான் ஆசைப்பட்டேன். இன்று என் ஆசை வேறு. சாராய எதிர்ப்பின் மிச்சமாக எங்கள் ஜில்லாவில் ‘பொதுபு லட்சுமி’ என்ற சேமிப்பு இயக்கம் பிறந்தது. குடிக்குப் போகாமல் மிஞ்சிய காசில் நாளுக்கு ஒரு ரூபாய் என்று பெண்கள் சேர்த்தார்கள். ஆந்திரம் முழுவதும் இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் மகளிர் குழுக்களுக்கு அது ஒரு முன்னோடி. கடனுக்குக் கையெழுத்து, தேர்தலுக்குக் கூட்டம் என்றால் அந்தக் குழுக்களைத் தேடி வருகிறார்கள். கடை எந்தத் தெருவில் இருக்க வேண்டும், கோயிலுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஜாத்திரை நாட்களில் எத்தனை மணிக்கு மூட வேண்டும், பெல்ட் ஷாப் நடத்துபவர் மேல் என்ன நடவடிக்கை என்பதை மட்டும் அவர்களிடம் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். ஏலம், குலுக்கல், அரசுக் கடை என்று ஒவ்வொரு முறையும் விற்பவர் யார் என்பதை எங்கோ தொலைவில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். விலை கொடுத்தவர்கள் காளங்கிக் கரையில் இருந்தார்கள். குழுவின் சம்மதம் இல்லாமல் வார்டுக்குள் ஒரு கடையும் திறக்கக்கூடாது என்று ஒரு வரி சட்டத்தில் ஏறட்டும். சாராயத்தை ஊரைவிட்டே துரத்திய பெண்களுக்கும் அவர்களுடைய மகள்களுக்கும் அந்த ஒரு வரியைத் தருவது நன்றிக்கடன். அந்த வரி வந்த பிறகு நடக்கும் ஜாத்திரையில், எங்கள் ஊர்ப் பெண்கள் பொழுது சாய்ந்தபின்னும் பயமில்லாமல் உட்கார்ந்து விடியும்வரை கூத்துப் பார்ப்பார்கள் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.