இரு புள்ளிகள் ஒன்றாகத் தெரிந்தால்



குர்ஆன் ஓதப் பழகும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லின் நடுவே வரும்போது 'தா'வுக்கும் 'நூன்' எழுத்துக்கும் வடிவம் ஒன்றுதான். மேலே இரண்டு புள்ளிகள் இருந்தால் தா. ஒன்று இருந்தால் நூன். இரு புள்ளிகளும் ஒட்டித் தெரிந்தால் எழுத்து மாறும், பொருளும் மாறும். அருகருகே உள்ள இரண்டை இரண்டாகவே காட்டும் ஆற்றலைத்தான் படமெடுக்கும் கருவிகளில் 'பிரிதிறன்' என்பார்கள்.

கண் வைத்தியர்கள் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனைப் பற்றிச் சொல்லவே இதைச் சொன்னேன். நமது விழித்திரையின் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். அதற்குள் பல அடுக்குகள். கத்தி படாமல், எக்ஸ்ரே இல்லாமல், வெறும் ஒளியைக் கொண்டே அவற்றைக் குறுக்காக வெட்டி வைத்தாற்போலக் காட்டுகிறது இக்கருவி. 1991இல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோரும் அவர்களது குழுவினரும் இதனை உலகுக்கு அறிவித்தார்கள்.

பெரிய மண்டபமொன்றில் நின்று நீளமாகக் கூவினால் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சுருக்கமாக ஒருமுறை கைதட்டினால் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும். ஓ.சி.டி. கேட்பது ஒளியின் எதிரொலியை. பல அலைநீளங்கள் கலந்த ஒளி அந்தக் கைதட்டலைப் போன்றது. அக்கலவை எவ்வளவு அகலமோ, ஆழத்திலுள்ள அடுக்குகள் அவ்வளவு நுணுக்கமாகப் பிரியும். தொடக்ககாலக் கருவிகள் சுமார் 10 மைக்றோன் இடைவெளியைப் பிரித்துக் காட்டின. 2006க்குப் பின் பரவலானவை சுமார் 5 மைக்றோன் வரை வந்தன. ஒரு மைக்றோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வேகமும் கூடியது. முன்பு செக்கனுக்கு 400 கோடுகள் எடுத்த இடத்தில் 20,000க்கு மேல் எடுக்க முடிந்தது. கண் அசைவதற்குள் படம் முடிகிறது. ஒரே இடத்தைப் பலமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதால் படத்தின் மணல்மணலான தோற்றமும் குறைகிறது.

ஆயினும் பக்கவாட்டில் ஒரு தடை உண்டு. ஒளி நம் கண்ணின் வில்லை வழியாகவே உள்ளே செல்ல வேண்டும். அதிலுள்ள கோணல்கள் படத்தை மழுக்கும். விண்மீன்களைத் தெளிவாகப் பார்க்க வானியலாளர்கள் பயன்படுத்திய வளைந்துகொடுக்கும் கண்ணாடியை ஆய்வுகூடங்களில் இதனுடன் சேர்த்தார்கள். விழித்திரையின் தனித்தனிக் கலங்களும் தெரியலாயின.

இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் ராத்தாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். "கண் நல்லாத்தான் தெரியுது, வயசுக்குக் கொஞ்சம் மங்கல்" என்றே சொல்லி வந்தார். ஸ்கேன் எடுத்தபோது விழித்திரையின் நடுவே சின்னஞ்சிறு கருங்குழிகள் தெரிந்தன. அவை கசிந்து தேங்கிய நீர் என்றார் வைத்தியர். அடுக்குகள் ஒட்டித் தெரியும் படத்தில் அந்தக் குழிகள் அகப்பட்டிருக்குமா? நீர் பரவுமுன் ஊசி மருந்து தொடங்கியது. இன்றும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓதுகிறார்.

சகோதரிகளே, படத்தின் தெளிவில் உங்கள் பங்கும் உண்டு. கருவியின் முன் நாடியைப் பதித்து, காட்டும் புள்ளியையே அசையாமல் பாருங்கள். கண் வறண்டால் படம் மங்கும். ஆகவே எடுப்பதற்கு முன் நன்றாகக் கண் சிமிட்டிக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேன் ஒன்றே போதும் என்றும் எண்ண வேண்டாம்; மற்றப் பரிசோதனைகளையும் வைத்தியர் சொன்னபடி செய்யுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் நாள் பார்த்துக் கிளினிக் கூட்டிச் செல்லும் நீங்கள், உங்களுக்கும் ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.