பாட்டி தந்த மண்

ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய குளத்து மண்ணிலே வெண்பூச்சுத் தட்டொன்று செய்ய வேண்டும் என்று எம் மகள் பிடிவாதம் பிடித்தாள். ஐரோலியிலிருந்து தாணே வழியாகச் சயானில் இறங்கி, தாராவி கும்பார்வாடாவில் ஒரு குயவரிடம் மண் பிசையக் கற்றோம்.

வெள்ளீயம் கலந்த பூச்சு மண்ணின் செந்நிறத்தை முற்றும் மறைத்துவிடும். ஆகவே எம்மண்ணாயினும் ஒன்றே என்று எண்ணினோம். ஆனால் சூளையினின்று எடுத்த மூன்றாம் நாளே தட்டெங்கும் மயிரிழை விரிசல்கள். "பாட்டி மண் கெட்டதா அப்பா?" என்று குழந்தை அழுதாள். அதற்குள் பாட்டியும் காலமாகிவிட்டார். எஞ்சிய மண்ணோ ஒரு தட்டுக்கே போதும்.

விசாரித்த பின்னரே உண்மை விளங்கிற்று. சூடு தணிகையில் பூச்சு மண்ணைவிட மிகுதியாகச் சுருங்கினால் விரிசல் காணும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணோ தானும் கூடுதலாகச் சுருங்கிப் பூச்சை நெருக்கிப் பிடிக்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் குயவர்கள், தூர்னே நகரத்துச் சுண்ணாம்பு மண்ணைத் தருவித்துத் தம் மண்ணோடு கலந்தது இதன் பொருட்டே.

இம்முறை சீமைச்சுண்ணாம்புப் பொடியை நன்கு சலித்துப் பல அளவுகளில் கலந்து, சிறு வில்லைகளாய் முதலிற் சுட்டுப் பார்த்தோம். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பொருந்திற்று.

தட்டு இன்று பாட்டியின் படத்தருகே விரிசலின்றி இருக்கிறது. மண் கெட்டதன்று, அம்மா; அதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது.