பலாலிக்கு எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிடுவது பூகோள உபாத்தியாயருக்கு எளிய காரியம். படத்தை விரித்து அளவுகோலை வைத்தால் தீர்ந்தது. சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் அளவுகோல்கூட வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று அமைந்திருக்கிறது. அட்சரேகையில் வித்தியாசம் 3.2 பாகை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 355 வருகிறது. இரு கரைகளிலும் ஒரே மணியாதலால், கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சிரமமும் கிடையாது.

"மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் விமானம் 43 நிமிஷத்தில் போய்விட வேண்டுமே; ஏன் ஸார் ஒரு மணிக்கு மேல் ஆகிறது?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. விமானம் ஓடுபாதை வரையில் ஊர்ந்து செல்ல வேண்டும். படிப்படியாக உயர வேண்டும். இறங்குமுன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்ப வேண்டும். குறுகிய பிரயாணத்தில் இந்தச் சம்பிரதாயங்களே நேரத்தில் ஒரு பெரும் பங்கை விழுங்கிவிடுகின்றன.

பையன் திருப்தி அடைந்தான். எங்கள் தெருவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து மூதாட்டிக்கோ இந்தக் கணக்கு முப்பது வருஷம் பலிக்கவில்லை.

இத்தனைக்கும் வழி புதியதன்று. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு முன்பே, 1947 டிசம்பர் 10-ந் தேதி, ஏர் சிலோனின் 'சீதா தேவி' என்னும் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு வந்தது. 1983-இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் அவ்வழியைப் பற்றிய பேச்சே இல்லாமற்போயிற்று. 1990-இல் பலாலியைச் சுற்றியிருந்த கிராமத்தார் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், ஊரைக் கடந்து தெற்கே 640 கிலோமீட்டர் பறந்து கொழும்பை அடைந்து, அங்கிருந்து தரைமார்க்கமாக ஒரு பகல் முழுவதும் வடக்கே திரும்பிவர வேண்டும். அதுவும் சாலை திறந்திருந்தால்! அம்மூதாட்டியின் தாயார் காலமான செய்தி வந்தபோது சாலை மூடிக் கிடந்தது. கொள்ளி வைத்தவர் யார் என்பதைக்கூட அவர் மூன்று மாதம் கழித்துத்தான் கடிதத்தில் அறிந்தார்.

2009-இல் போர் முடிந்தது. எனினும், 2019 நவம்பரில்தான் சென்னையிலிருந்து பலாலிக்குக் கிரமமான விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. சில மாதங்களில் கொள்ளைநோய் வந்து அதை நிறுத்திற்று. 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கினார்கள். மூதாட்டியும் ஒரு நாள் காலையில் புறப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தமக்கையின் வீட்டை அடைந்தார். திரும்பி வந்தவரிடம் பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தேன்.

"இவ்வளவு கிட்டத்திலையோ தம்பி இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

355 கிலோமீட்டர் இயற்கை வகுத்த தூரம். அதற்கு மேற்பட்டது அனைத்தும் மனிதர் சேர்த்தது. அண்டை வீட்டாரான இரு சுதந்திர தேசங்களும் இந்தச் சிறிய விமானத்தை இனி ஒருபோதும் நிற்க விடாமல் நடத்திவந்தால், அதுவே பெரிய தர்மமாகும்.