ஈயம் உருக்கிய கைகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்களைத் தம் கைகளாலேயே உருமாற்றிய இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காணுந்தோறும் எனக்குள் ஓர் ஏக்கம் எழுகிறது. 1932இல் வெளிவந்த வி-8 எஞ்சினின் ஆற்றல் 65 குதிரைத்திறனே. சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி வேகம் கூட்டினர். மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, மியூராக் என்னும் வறண்ட ஏரிப் படுகையில் புழுதி பறக்க ஓட்டிப் பார்த்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூரையை அறுத்துத் தாழ்த்தும் வேலை பெருகியது. சாம் பாரிஸ் தமது 1949ஆம் ஆண்டு மெர்க்குரியை அவ்வாறே மாற்றினார். ஒட்டிய இடங்களில் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரத்தால் இழைப்பார்கள். அத்தூள் உடலுக்கு நஞ்சு; அதை எத்தனை பேர் பொருட்படுத்தினரோ!

இன்று 1932ஆம் ஆண்டுக் காரின் உடற்கூடு முழுவதுமே புத்தம் புதிதாக விலைக்குக் கிடைக்கிறது. குறையேதும் காண இயலாது. ஆயினும் பழைய படங்களில், கதவோரம் சற்றே கோணிய அந்த ஒட்டைத்தான் என் கண்கள் தேடுகின்றன.