சக்கரத்தின் மீது சயனம்

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்பது நம்மவர் பழமொழி. அதனைப் பழிப்பது என் எண்ணமன்று. ஆயினும், ஐந்தடி எட்டங்குல உடம்பை ஒரு சிறு ஜீப் வண்டிக்குள் மடித்து வைத்துப் படுத்துப் பார்த்தவனுக்கு, நித்திரையும் சுகத்தை அறியும் என்பது விளங்கிவிடும். எங்கள் வண்டி இரண்டு கதவுகள் கொண்ட பழைய சுசுகி. கண்டியின் ஏற்ற இறக்கங்களுக்கென வாங்கியது. அதில் உறங்க நேரிடும் என்று நான் கனவிலும் கருதியதில்லை.

முதன்முதலில் அதில் உறங்கியது உல்லாசத்துக்காக அன்று. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம். நாட்டில் அந்நியச் செலாவணி அருகி, எரிபொருள் வரவு தடைப்பட்டிருந்த காலம். பெற்றோலுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் தெருவோரம் நின்றன. கண்டி நகரில் அத்தகைய ஒரு வரிசையில் நானும் இரண்டு இரவுகள் கிடந்தேன். கல்லூரியிற் பாடம் சொல்லும் ஒருவன் தெருவிற் படுத்திருப்பதை மாணவர் எவரும் கண்டுவிடுவாரோ என்ற நாணம், பெற்றோல் கவலையிலும் பெரிதாயிருந்தது. ஆதலால் கண்ணாடிகளை முற்றாக ஏற்றிச் செய்தித்தாளால் மறைத்து, முன்னாசனத்திற் சுருண்டுகொண்டேன். நள்ளிரவில் விழித்தபோது கண்ணாடியெங்கும் நீர் வழிந்தது, சட்டை நனைந்திருந்தது, மூச்சு முட்டியது. நாணத்தை மறந்து கதவைத் திறந்தேன்.

முன்னால் நின்ற ஓட்டோவின் சாரதி, ஒரு முஸ்லிம் பெரியவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். “சேர், கண்ணாடிய ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் எறக்கி வெய்ங்க. ஒங்கட மூச்சுத்தான் தண்ணியா ஒழுகுது” என்றார். முன்னாசனத்தின் தலைதாங்கியைக் கழற்றி, ஆசனத்தை முன்னே தள்ளி, முதுகைப் பின்னே சாய்த்தால், அது பின்னாசனத்தோடு பொருந்தி ஒரு கட்டிலாகும் என்பதையும் அவரே செய்து காட்டினார். விடியற்காலையில் எவருக்கு அஞ்சினேனோ அவரே வந்தார். பழைய மாணவர் ஒருவர், கையில் பிளேன் டீயுடன். அவர் முகத்தில் இகழ்ச்சியைத் தேடினேன், பரிவையே கண்டேன்.

நெருக்கடி தணிந்த பின், 2024 இல், என் மகன் ஒரு நாள், “அப்பா, பெற்றோலுக்காகப் படுத்த வண்டியிலே ஒரு நாள் சந்தோஷத்துக்காகவும் படுப்போமே” என்றான். அவ்வாறே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் புறப்பட்டோம். மூடிய கைம்முட்டியின் கணுக்கள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற இலங்கையின் மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. வனத்துக்குள் தங்குவதற்கு அனுமதி பெறல் வேண்டும். ஆதலால் நாங்கள் மலையோரக் கிராமம் ஒன்றில், வீட்டுக்காரரின் இசைவோடு அவர் வளவிலேயே வண்டியை நிறுத்தினோம்.

இம்முறை ஆயத்தமாகச் சென்றிருந்தோம். ஆசனங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பழைய போர்வைகளால் நிரப்பி, மேலே பாயும் மெல்லிய மெத்தையும் விரித்தோம். குளிர் மேலிருந்து வருவதிலும் கீழிருந்தே அதிகம் ஏறுகிறது. நுளம்பு வலைத் துணியின் ஓரங்களிற் சிறு காந்தங்களை வைத்துத் தைத்து, திறந்த சாளரங்களின் இரும்புச் சட்டத்தில் ஒட்டினோம். நிலம் சரிவாயின் தலை மேட்டுப் பக்கம் இருத்தல் வேண்டும். வண்டியின் முகம் வெளியேறும் வழியை நோக்கி இருத்தல் வேண்டும். வெட்டிய மண்மேட்டின் அடியிலும், பெருமரத்தின் கீழும், ஓடைக் கரையிலும் நிறுத்துதல் ஆகாது.

ஆயிரம் மீற்றர் உயர ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும். நள்ளிரவில் மகன் நடுங்கி, “கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட விடுவோமா, அப்பா?” என்றான். நான் இசையவில்லை. நின்ற வண்டியில் எஞ்சின் ஓடினால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு உள்ளே கசியக்கூடும். அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவன் உறங்கியபடியே போய்விடுவான். வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதும் அத்தகையதே. என் கம்பளியை அவனுக்குப் போர்த்திவிட்டு, விடியும் வரை மலைமுகட்டின் விண்மீன்களைப் பார்த்திருந்தேன்.

மூன்றாவது சயனம் நாங்கள் விரும்பாதது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழை கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளை விளைத்துப் பல உயிர்களைக் கவர்ந்தது. எங்கள் வீட்டின் பின்மேட்டிற் புதிதாக ஒரு வெடிப்பும், என்றும் இல்லாத ஊற்றும் தோன்றின. இவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே புறப்படச் சொன்னேன். அம்மா மறுத்தார். “இந்த வயசிலே நான் தெருவிலே படுக்கிறதோ? பார்க்கிறவை என்ன சொல்லுவினம்?” என்றார். அது என் பழைய நாணம். அன்னையின் குரலிற் பேசியது. வாதாட நேரமில்லை. அந்த பிளேன் டீயின் கதையை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சால்வையை எடுத்துக்கொண்டார்.

அயலிலுள்ள கோயிலின் சமவெளியில் வண்டியை நிறுத்தினோம். அம்மாவும் மனைவியும் உள்ளே. நானும் மகனும் மண்டபத்தில். மகனே கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வலையை ஒட்டினான். மூன்றாம் நாள் திரும்பிச் சென்றபோது சமையலறைப் பின்சுவர் வரை சேறு நின்றது. வீடு தப்பியது. அவ்வாறு தப்பாத வீடுகள் மாவட்டத்தில் எத்தனையோ.

பாயையும் வலையையும் இப்போது வண்டியிலிருந்து எடுப்பதில்லை. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, “மலைக்குப் போக” என்று அம்மாவே பதில் சொல்லுகிறார்.